ஞானசேகரன் சார் பெயரில் நாற்பத்து மூன்று

வியாழக்கிழமை மாலை வகுப்பு தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. ரேகா மேடம் தன் அறையிலிருந்து வெளியே வந்து சுவரோரமாக நடந்து மின்விசிறியை நிறுத்தினார். தான் சொல்வது ஒரு சொல் விடாமல் எல்லார் காதிலும் விழ வேண்டும் என்றால் மட்டுமே மேடம் அப்படிச் செய்வார். சிதம்பரம் தெற்கு வீதி மாடியில் இருந்த அந்தக் கம்ப்யூட்டர் சென்டரில் மாலை வகுப்புக்கு வந்த ஆறு பேரும் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்தார்கள்.

மேடத்தின் பின்னால், கடலூர் கிளையிலிருந்து வந்திருந்த சுரேந்தர் ஒரு மடிக்கணினியை ஏந்திக்கொண்டு நின்றான்.

"ஞானசேகரன் இங்கருந்து எப்பப் போனாரு?" என்றார் மேடம்.

"ஜூன் முப்பது மேடம்," என்றான் முதல் வரிசையில் இருந்த சித்தார்த். "சாருக்கு நாமதானே கேக் வெட்டுனோம்."

"கேக்கு வேற. சொல்லு சுரேந்தர்."

சுரேந்தர் தொண்டையைச் செருமினான். "ஜூலை அஞ்சுக்கு அப்புறம் நாப்பத்தி மூணு தடவ நம்ம லாட்ஜ் சாஃப்ட்வேர்ல அவர் கை வச்சிருக்காரு. பேரு, மெயிலு எல்லாம் அவருதுதான். எல்லாமே காலைல ஏழு, ஏழேகாலு, எட்டு மணி. ஒண்ணே ஒண்ணு மட்டும் ராத்திரி பதினொண்ணு அம்பது."

"நாம ஷட்டர் தொறக்கறதே ஒம்பதரைக்கு," என்றார் மேடம். "ஒரு சாவி இன்னும் அவன்கிட்டதான் இருக்குது."

அண்ணாமலை நகரில் இருக்கும் மாணவர் லாட்ஜ்களுக்கு அறை பதிவு செய்யும் மென்பொருள் ஒன்றை அந்த சென்டர் செய்துகொண்டிருந்தது. மாலை வகுப்பு மாணவர்களுக்கு அதில் ஆளுக்கொரு பகுதி. செய்கிற மாற்றத்தை எல்லாம் கிட் என்ற மென்பொருளில் பதிய வேண்டும். யார், எப்போது, என்ன மாற்றினார் என்று அது வரிசையாகக் குறித்து வைக்கும்.

"தைரியத்தப் பாருங்க," என்று சுரேந்தர் திரையைப் பார்த்தான். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னான். "காலி ரூம் பட்டியல்ல ஒரே ரூம் ரெண்டு தடவ வந்துச்சு, ரெண்டாவத எடுத்துட்டேன், மத்த எதையும் தொடலன்னு எழுதியிருக்காரு. தொடலையாம்! திருடன் பீரோவத் தொறந்துட்டு லெட்டர் எழுதி வச்சிட்டுப் போயிருக்கான்."

சித்தார்த் முதலில் சிரித்தான். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். நாலாம் நம்பர் சிஸ்டத்தின் முன்னால் உட்கார்ந்திருந்த வெண்மதி மட்டும் சிரிக்கவில்லை.

'மற்ற எதையும் தொடவில்லை' என்ற வாக்கியத்தை உலகத்தில் வேறு யாரும் எழுத மாட்டார்கள். அதை ஒவ்வொரு பதிவின் கடைசியிலும் எழுதுகிறவள் அவள்தான். எதையாவது கெடுத்துவிட்டோமோ என்ற பயத்தில், யாரும் கேட்காத உறுதிமொழியை அவளாகவே கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"திங்கக்கிழமை கடலூரு போறேன்," என்றார் மேடம். "எஸ்.பி. ஆபீஸ்லயே குடுக்கறேன் கம்ப்ளெயிண்ட்ட. சாஃப்ட்வேர வெளிய வித்திருந்தான்னா அப்புறம் இருக்குது அவனுக்கு." மின்விசிறியை மீண்டும் போட்டுவிட்டு உள்ளே போனார்.

வெண்மதிக்கு வயது இருபத்தொன்று. வீடு கிள்ளை. அப்பா கலியபெருமாள் பிச்சாவரத்தில் சுற்றுலாக்காரர்களுக்குத் துடுப்புப் படகு ஓட்டுகிறார். அம்மா செல்லாயி மீன் கூடை தூக்குகிறாள். பகலில் வெண்மதிக்கு அண்ணாமலை நகரில் ஒரு டி.டி.பி. கடையில் தீசிஸ் அடிக்கிற வேலை. கடை முதலாளி தில்லைநாதன் வேலைக்குச் சேர்ந்த அன்றே அவளுக்கு ஒரு சட்டம் போட்டிருந்தார்: "கண்ணு பாக்கட்டும், கை அடிக்கட்டும். மூளைய ஊட்டுல வச்சிட்டு வா. தப்பா இருந்தாலும் அவுங்க எழுதுனத அப்படியே அடிக்கணும். நீ திருத்துனன்னா டாக்டர் பட்டம் போறது அவுங்களுக்கு, அடி வாங்கறது நானு." மூன்று வருடமாக வெண்மதி ஒரு காற்புள்ளியைக்கூடச் சொந்தமாகப் போட்டதில்லை.

ஞானசேகரன் சார் போவதற்கு முந்தின வாரம் கிட் பாடம் எடுத்தார். முதலில் கம்ப்யூட்டருக்கு நம் பெயரையும் மின்னஞ்சலையும் சொல்லிவிட வேண்டும் என்று போர்டில் இரண்டு வரி எழுதினார். உதாரணத்துக்குத் தன் பெயரையும் தன் மின்னஞ்சலையும் போட்டார். மற்றவர்கள் அந்த இடத்தில் தங்கள் பெயரைப் போட்டுக்கொண்டார்கள். வெண்மதி போர்டில் இருந்ததை இருந்தபடியே நோட்டில் எழுதினாள். ஜூலை முதல் வாரத்தில் நாலாம் நம்பர் சிஸ்டம் படுத்துவிட, ஒரு மெக்கானிக் வந்து எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றிக் கொடுத்தார். அன்று நோட்டைத் திறந்து, அந்த இரண்டு வரியையும் ஒரு எழுத்து பிசகாமல் அடித்தாள்.

பதிவுகளில் சார் பெயர் வருவதை அவள் பார்க்காமல் இல்லை. தீசிஸின் முதல் பக்கத்தில் எழுதிய மாணவன் யாராக இருந்தாலும் கைடு பெயர் தவறாமல் வருமே, அதுபோல ஏதோ ஒரு மரியாதை என்று நினைத்துக்கொண்டாள். கேட்க வெட்கமாக இருந்தது. கேட்டால் இதுகூடத் தெரியாதா என்பார்கள்.

வகுப்பு முடிந்து எல்லாரும் பையை மாட்டிக்கொண்டிருந்தபோது, அவள் நாலாம் நம்பரில் பெயர் என்ன என்று கேட்கும் கட்டளையை அடித்துப் பார்த்தாள். 'ஞானசேகரன்' என்று பதில் வந்தது. மறுபடி அடித்தாள். மறுபடியும் ஞானசேகரன். திரும்பிப் பார்த்தாள், யாரும் கவனிக்கவில்லை. மளமளவென்று தன் பெயரையும் தன் மின்னஞ்சலையும் அடித்து மாற்றினாள். மாற்றிய பிறகு ஒரு மூச்சு வந்தது. படியிறங்கும்போதுதான் உறைத்தது: இனிமேல் செய்வதில்தான் அவள் பெயர் வரும். ஏற்கெனவே பதிந்த நாற்பத்து மூன்றும் சார் பெயரிலேயே கிடக்கின்றன. அவை தன்னுடையவை என்பதற்கான சாட்சியத்தை மட்டும் அவளே கையால் துடைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

மறுநாள் பதினொரு மணிக்கு சுரேந்தர் பைக்கில் டி.டி.பி. கடைக்கு வந்து இறங்கினான்.

"மேடம் குடுத்தாங்க. கம்ப்ளெயிண்ட்டு. தமிழ்ல நீட்டா அடிச்சி வையி. லிஸ்ட்டும் பின்னாடி இருக்குது, அதையும் சேத்து அடி. நாளைக்கு சாயந்திரம் கையெழுத்துப் போடுவாங்க."

"நானாண்ணா?"

"பின்ன நானா? எனக்குத் தமிழ் டைப்பிங்ன்னா 'அ'வத் தேடவே அரை நாளாவும்."

மேடத்தின் கையெழுத்து குண்டு குண்டாக இருந்தது. 'மேற்படி நபர் பணியிலிருந்து விலகிய பின்னரும் எங்கள் நிறுவனத்துக்குள் அத்துமீறி நுழைந்து, எங்கள் மென்பொருளைத் திருடும் நோக்கத்துடன் அதில் பலமுறை மாற்றங்கள் செய்துள்ளார்.' வெண்மதி அடித்தாள். ஒரு பக்கத்துக்கு ஒரு பிழை வந்தாலே அதிசயம் என்று பெயரெடுத்தவளுக்கு அன்று அரைப் பக்கத்தில் ஏழு பிழை. 'திருடும்' என்ற இடத்தில் விரல் நின்றது. இந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டால்? தில்லைநாதன் பின்னால் நின்று டீ ஆற்றிக்கொண்டிருந்தார். அவள் அடித்துவிட்டாள்.

சாப்பாட்டு நேரத்தில் முதலாளி வீட்டுக்குப் போனதும் பட்டியலை விரித்து வைத்துக்கொண்டு பையிலிருந்து நாட்குறிப்பை எடுத்தாள். பிளஸ் டூ முடித்ததிலிருந்து எழுதுகிறாள். எந்த பஸ், எத்தனை மணிக்கு வகுப்பு, எத்தனை மணிக்கு என்ன வேலை முடிந்தது, கடைசியில் 'இன்று புரியாதது' என்று ஒரு வரி. அந்தக் கடைசி வரி காலியாக இருந்த நாளே கிடையாது.

பட்டியலில் முதல் பதிவு ஜூலை ஆறு, காலை ஏழு பத்து. வெண்மதியின் மனதில் திடீரென்று ஒரு சின்ன வெளிச்சம். காலையில் அவள் ஒருநாளும் சென்டருக்குப் போனதில்லை. ஏழு பத்துக்கு அவள் கிள்ளையில் குழாயடியில் நின்றிருப்பாள். அப்படியானால் இது அவள் இல்லையா? உண்மையிலேயே சார் வந்தாரா? வந்து, அவள் எழுதுவது போலவே எழுதி வைத்துவிட்டுப் போனாரா? அப்படி இருக்கக் கூடாதா என்று மனம் ஏங்கியது. ஏங்கியதற்காக உடனே வெட்கப்பட்டது.

நாட்குறிப்பில் ஜூலை ஆறைப் பார்த்தாள். வேறு வேலை. ஜூலை ஐந்தைப் பார்த்தாள். 'மாலை 6.40: காலி அறைப் பட்டியல் சரி செய்தேன்.' அடுத்தது பட்டியலில் ஜூலை பத்து காலை எட்டு ஐந்து. நாட்குறிப்பில் ஜூலை ஒன்பது மாலை ஏழு முப்பத்தைந்து. மூன்றாவது. நான்காவது. ஒரு தாளில் கழித்துக் கழித்துப் பார்த்தாள். ஒவ்வொன்றுக்கும் நடுவே சொல்லி வைத்தாற்போலப் பன்னிரண்டரை மணி நேரம். அவள் மாலையில் செய்தது எல்லாம் பட்டியலில் மறுநாள் காலையில் நடந்ததாக இருந்தது. ஏன் என்று தெரியவில்லை. ஆனால் அவள்தான். வெளிச்சம் அணைந்தது.

நாற்பத்திரண்டு பொருந்தின. ஒன்று பொருந்தவில்லை. ஆகஸ்ட் பதினெட்டு, இரவு பதினொன்று ஐம்பது. என்ன செய்தது என்ற இடத்தில் 'டெஸ்ட்' என்று ஒரு சொல் மட்டும். நாட்குறிப்பில் ஆகஸ்ட் பதினெட்டு, சனிக்கிழமை: 'காய்ச்சல். கடைக்கும் போகவில்லை, வகுப்புக்கும் போகவில்லை.' பதினேழும் அப்படித்தான். வெண்மதி அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். காய்ச்சல் வேகத்தில் எழுந்து போய் எதையாவது செய்துவிட்டு மறந்திருப்போமோ என்று ஒரு கணம் தன் மேலேயே சந்தேகம் வந்தது. அவளுக்கு அது வருவது புதிதில்லை.

செல்போனில் சார் நம்பர் இருந்தது. மூன்று தடவை எடுத்து வைத்தாள். நான்காவது தடவை அழுத்திவிட்டாள்.

"சார், நான் வெண்மதி."

"எந்த வெண்மதி? ஓ, நாலாம் நம்பரா! சொல்லும்மா. இன்னா, ஃபேன் இன்னும் லொட லொடன்னுதான் ஓடுதா?"

"ஆமா சார். நல்லா இருக்கீங்களா சார்?"

"நல்லா இருக்கேன். சிங்கப்பூர் வேல கெடச்ச மாதிரிதான். பாஸ்போர்ட்டுதான் இழுக்குது. நேத்துதான் ஸ்டேஷன்லருந்து விசாரிக்க வந்தாங்க. எம்மேல கேஸு கீஸு இருக்குதான்னு கேட்டாங்க. எம் மூஞ்சியப் பாத்தா கேஸு இருக்கற மாதிரியா இருக்குதுன்னு எங்கம்மா சண்டைக்கிப் போயிட்டாங்க. அடுத்த வாரம் ரிப்போர்ட் அனுப்பிடுவாங்களாம். ஆங், மேடம்கிட்ட சொல்லு, ஷட்டர் சாவி ஒண்ணு எம் பையிலயே வந்துருச்சு. சிதம்பரம் வரும்போது குடுத்துடறேன். சரி, என்ன விஷயம்?"

வெண்மதி விரித்து வைத்திருந்த பட்டியலை மடித்தாள்.

"நோட்ஸ்ல ஒரு டவுட்டு சார். இல்ல, இப்பப் புரிஞ்சிடுச்சு சார்."

"போன் போட்டதுமே புரிஞ்சிடுச்சா! அப்ப தெனமும் போடு," என்று சிரித்துவிட்டு சார் வைத்துவிட்டார்.

அன்று மாலை வகுப்பில் நோட்டைப் புரட்டினாள். பழைய பதிவுகளில் இருக்கும் பெயரை மொத்தமாக மாற்ற ஒரு கட்டளை இருப்பதாக சார் சொன்னதையும் எழுதி வைத்திருந்தாள். பக்கத்திலேயே சார் சொன்ன எச்சரிக்கை: 'தலைபோற அவசரம்னா ஒழிய தொடாதீங்க. பழசு மொத்தமும் வேற ஆயிடும். மத்தவங்ககிட்ட இருக்கறதோட ஒட்டாது.' இதைவிடத் தலைபோகிற அவசரம் என்ன இருக்கிறது? மென்பொருளின் ஒரு பிரதியைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டு, சாரின் மின்னஞ்சல் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் தன் பெயரைப் போடச் சொல்லி அடித்தாள். திரையில் எண்கள் ஓடின. நாற்பத்து மூன்றில் நிற்க வேண்டியது நிற்கவில்லை. எண்பது, நூறு, நூற்று ஐம்பத்தைந்து.

பட்டியலைத் திறந்து பார்த்தாள். ஞானசேகரன் என்ற பெயரே எங்கும் இல்லை. ஜனவரியிலிருந்து ஜூன் வரை ஆறு மாதம் சார் உட்கார்ந்து கட்டிய நூற்றுப் பன்னிரண்டு பதிவும் வெண்மதி, வெண்மதி, வெண்மதி என்று நின்றன. அவள் கிட் என்ற பெயரையே கேள்விப்படாத நாட்களில்கூட அவள் வேலை செய்திருந்தாள். சார் என்று ஒரு ஆள் அந்த சென்டருக்கு வந்ததே இல்லை என்பது போல இருந்தது. உடனே அந்தப் பிரதியை அழித்தாள். அழிந்ததா என்று குப்பைத் தொட்டியையும் திறந்து பார்த்து அங்கேயும் அழித்தாள். பக்கத்தில் இருந்த ப்ரீத்தி, "ஏய், ஏன்டி இப்பிடி வேர்க்குது உனக்கு?" என்றாள். "கரண்ட் போயி வந்துச்சில்ல, அதான்," என்றாள் வெண்மதி.

சொல்லிவிட வேண்டும். அது அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனால் சொல்வது என்றால் பேர் எழுத்தில் ஏறும். மாமா அய்யனார் கதை கிள்ளை முழுக்கத் தெரியும். புறவழிச்சாலையில் ஒரு லாரி மோதியதைப் பார்த்தேன் என்று ஸ்டேஷனில் போய்ச் சொன்னார், அவ்வளவுதான். சாட்சி என்று ஒரு கையெழுத்து. அதற்குப் பிறகு மூன்று வருடம் கடலூர் கோர்ட்டுக்கு நடந்தார். வலை இழுக்கிற நாளெல்லாம் கோர்ட் வாசலில் போயிற்று. சாட்சிக்கே அந்தக் கதி என்றால், செய்தவளுக்கு?

சனிக்கிழமை மாலை ஐந்தே முக்காலுக்கு, மற்றவர்கள் வருவதற்கு முன்பே, வெண்மதி அடித்த தாள்களோடு மேடத்தின் அறை வாசலில் நின்றாள். உள்ளே சுரேந்தரும் இருந்தான்.

"குடு," என்று மேடம் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"மேடம்," என்றாள் வெண்மதி. "அது சாரில்ல மேடம். நான்."

"எது நீ?"

"நாப்பத்தி ரெண்டு. நான்தான் மேடம் செஞ்சேன். சார் போர்டுல அவரு பேர எழுதுனாரு, நான் அதையே பாத்து அடிச்சிட்டேன்."

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். முகத்தில் நிம்மதி வரும் என்று வெண்மதி எங்கோ ஒரு மூலையில் நம்பியிருந்தாள். வரவில்லை. மேடத்தின் கண் சுருங்கியது.

"எவளாவது அடுத்தவன் பேர அடிப்பாளா? சுரேந்தர், அந்த சிஸ்டத்துல என்ன பேரு இருக்குதுன்னு பாரு."

சுரேந்தர் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். "வெண்மதின்னுதான் மேடம் இருக்குது. மெயிலும் இவுங்களுதுதான்."

"வியாழக்கிழமதான் மேடம் மாத்துனேன். நீங்க சொன்னதும் பயந்துட்டு..."

"யாரு மாத்தச் சொன்னா?"

"யாரும் சொல்லல மேடம்."

"அவன்கிட்ட பேசுனியா?"

இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வெண்மதி கீழே பார்த்தாள். "பேசுனேன் மேடம். நேத்து மத்தியானம்."

"ஆக!" என்று மேடம் நாற்காலியில் சாய்ந்தார். "அவன் சொல்லிக் குடுத்தான், நீ வந்து ஒப்பிக்கிற. இங்க உள்ளருந்து அவனுக்கு ஒத்தாச பண்ற ஆளு யாருன்னு தேடிக்கிட்டிருந்தேன். நீயா அது? கம்ப்ளெயிண்ட்ல ஒரு பேருதான் இருந்துச்சு. இப்ப ரெண்டு பேராக்கட்டுமா?"

மாமா அய்யனார் கோர்ட் வாசலில் குத்தவைத்து உட்கார்ந்திருந்த கோலம் கண்முன் வந்தது. அந்த இடத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார். நாட்குறிப்பை எடுத்து நீட்டினாள். மேடம் இரண்டு பக்கம் புரட்டிவிட்டுத் தள்ளி வைத்தார். "இத நேத்து ராத்திரிகூட உக்காந்து எழுதலாம்."

"மணி ஒத்துப்போகுது மேடம். எல்லாத்துக்கும் பன்னண்டரை மணி நேரம் வித்தியாசம். ஏன்னு எனக்குத் தெரியல. ஆனா இப்ப நான் நாலாம் நம்பர்ல ஏதாச்சும் பதிஞ்சன்னா, அதுவும் அப்பிடித்தான் வரணும். வரலைன்னா..." வரவில்லை என்றால் என்ன என்று அவளுக்கே தெரியவில்லை. அதுவரை அதை அவள் யோசித்துப் பார்க்கவே இல்லை. கடிகாரம் இதற்குள் தானாகச் சரியாகியிருந்தால்? யாராவது தொட்டிருந்தால்? வாயை விட்டாயிற்று.

மூன்று பேரும் நாலாம் நம்பர் முன்னால் போய் நின்றார்கள். வெண்மதி உட்கார்ந்து, ஒரு வெற்று வரியைச் சேர்த்துப் பதிந்தாள். திரையின் மூலையில் கடிகாரம் மாலை ஐந்து ஐம்பத்தெட்டு என்று சரியாகத்தான் காட்டியது. பதிந்த அடுத்த நொடி கரண்ட் போனது. யு.பி.எஸ். பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது. சர்வர் இருந்த பெட்டிக்குள் அந்தப் பதிவு போய்ச் சேர்ந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. அவளுக்கு எழுந்து ஓட வேண்டும் போல இருந்தது.

"போயிருச்சு, பதிவு இங்க வந்துருச்சு," என்றான் சுரேந்தர் மடிக்கணினியைப் பார்த்து. பிறகு முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். "இன்னாது இது? மேடம், இங்க வாங்களேன்."

"என்ன போட்டிருக்குது?"

"செப்டம்பர் பதினாறு, காலைல ஆறு இருபத்தெட்டு. இன்னைக்கு பதினஞ்சு மேடம்! நாளைக்குக் காலைல செஞ்சதா காட்டுது!" அவன் தன்னையறியாமல் சிரித்துவிட்டான். "உங்க திருடன் நாளைக்கு வரப்போறத இன்னைக்கே செஞ்சிட்டான்."

அவனே நாலாம் நம்பரில் குனிந்து கடிகாரத்தைத் திறந்து பார்த்தான். மணி சரி. ஊர்தான் அமெரிக்கா. ஜூலையில் புதிதாக ஏற்றிக் கொடுத்த மெக்கானிக் கடிகாரத்தைக் கையால் திருப்பி வைத்திருக்கிறார்; எந்த நாட்டு நேரம் என்ற இடத்தை அப்படியே விட்டுவிட்டார். அமெரிக்காவின் மேற்குக் கரையில் மாலை ஆறு மணி என்றால் நம் ஊரில் மறுநாள் காலை ஆறரை. "வேற எந்த சிஸ்டத்துலயும் இப்பிடி இல்ல மேடம். இதுல மட்டுந்தான்."

மேடம் அறைக்குத் திரும்பினார். பட்டியலை மேஜையில் விரித்தார். கோபம் போகவில்லை, இடம் மாறியிருந்தது. "சரி. உன்னுதுன்னு சொல்றல்ல? ஒவ்வொண்ணுக்கும் நேரா உன் கையெழுத்தப் போடு. பேரு, இனிஷியல், தேதி. நாளைக்கி அந்த சாஃப்ட்வேரு வேற எங்கனா போச்சுன்னு வையி, மொதல்ல உன் ஊட்டு வாசல்லதான் வந்து நிப்பேன்."

வெண்மதி பேனாவை வாங்கினாள். எழுத்தில் ஏறக்கூடாது என்று எதற்குப் பயந்தாளோ அது கைக்கு வந்துவிட்டது. முதல் வரிக்கு நேரே 'க. வெண்மதி' என்று எழுதினாள். கோணலாக வந்தது. இரண்டாவது. மூன்றாவது. பத்தாவது வரும்போதும் கோணல் நிற்கவில்லை, ஆனால் பழகிவிட்டது. மேடம் ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆகஸ்ட் பதினெட்டில் வந்து பேனா நின்றது.

"என்ன? அதயும் போடு."

"இது என்னுது இல்ல மேடம். அன்னைக்கி நான் காய்ச்சலு. வரல."

"ராத்திரி பதினொண்ணு அம்பது! அதத்தான் நானும் மொதல்லருந்து சொல்றேன். அந்த ஒண்ணப் பாத்துதான் எனக்குத் தூக்கமே போச்சு. அப்ப அவன்தான். ஒரு நாள் வந்திருந்தாலும் வந்ததுதான். சாவி எதுக்கு வச்சிருக்கான்?"

போட்டுவிடலாம். நாற்பத்திரண்டோடு ஒன்று. சார் தப்பித்துவிடுவார், யாருக்கும் தெரியப்போவதில்லை. பேனா முனை தாளைத் தொட்டு ஒரு புள்ளி விழுந்தது. ஆனால் செய்யாததற்குத் தன் பெயரைப் போட்டால் நேற்று திரையில் பார்த்த நூற்று ஐம்பத்தைந்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அவள் பேனாவை எடுத்துவிட்டாள்.

"இதுலயும் பன்னண்டரை மணி நேரத்தக் கழிக்கணும் மேடம்," என்றாள். "கழிச்சா காலைல பதினொண்ணு இருவது வருது. பகல்லதான். ஷட்டர் தொறந்திருக்கற நேரந்தான். யாரோ பகல்ல இந்த சிஸ்டத்துல உக்காந்திருக்காங்க."

"ஆகஸ்ட் பதினெட்டு சனிக்கிழம. காலைல யாரு வந்தா?" மேடம் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். "அன்னைக்கி நான் கடலூர்ல இருந்தேன். இங்க யாரு..."

வெண்மதி நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் தான் யாரையோ காட்டிக்கொடுப்பது போல ஆகிவிடும் என்று பயந்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது. ஆனால் மேஜையின் மறுபக்கத்தில் இதுவரை லொடலொடவென்று பேசிக்கொண்டிருந்தவன் சட்டென்று ஊமையாகிவிட்டதை அவள் காது கேட்டது. யு.பி.எஸ். மட்டும் கத்திக்கொண்டிருந்தது. அது எவ்வளவு நேரம் கத்தியது என்று அன்றைய நாட்குறிப்பில் அவளால் எழுத முடியவில்லை. அந்த மௌனம் இன்னும் கொஞ்சம் நீண்டால் அடித்து வைத்த புகாரை நோக்கி மேடத்தின் கை போய்விடும்.

சுரேந்தர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். நெற்றியைத் துடைத்தான்.

"மேடம், அன்னைக்கி பிரிண்டர் பாக்கச் சொல்லி என்னைய அனுப்புனீங்க. லைன் சரியா இருக்குதான்னு சும்மா ஒரு டெஸ்ட் அடிச்சேன். நாலாம் நம்பர்லதான் உக்காந்தேன்னு நெனைக்கிறேன்." பிறகு தலையை ஆட்டினான். "நெனைக்கிறதுல்லாம் இல்ல. நான்தான். பேரு யாருதுன்னு பாக்கவே இல்ல மேடம். அதப் பாத்துதான் நானே உங்ககிட்ட வந்து திருடன்னு சொன்னேன்."

மேடம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் சேந்து," என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. புகார்த் தாள்களை எடுத்து நான்காக மடித்தார். கிழிக்கவும் இல்லை, கைப்பையில் வைக்கவும் இல்லை. மடித்ததையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை அந்தத் தாளோடு எஸ்.பி. அலுவலகத்தின் படியேறி, ஒன்றும் செய்யாத ஒருவனின் பெயரைச் சொல்லவிருந்தவர் மேடம்தான்.

சுரேந்தர் கையை நீட்டினான். "பேனாவக் குடும்மா."

ஆகஸ்ட் பதினெட்டுக்கு நேரே, வெண்மதி வைத்த புள்ளியின் மேலேயே அவன் கையெழுத்தைப் போட்டான். தாளைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினான். கீழே இன்னும் பதினெட்டு வரிகள் மீதி இருந்தன. வெண்மதி அடுத்த வரியைத் தேடிப் பிடித்து, க என்று எழுதத் தொடங்கினாள்.